மடைப்பள்ளி வீட்டுப் பெண்

பிரமிளாவுக்குப் பிறந்ததிலிருந்து மீன் வாசனையே தெரியாது என்று திருப்பதியில் ஒரு நட்சத்திர ஹோட்டலின் மேசைகளில் அட்டை வைத்திருந்தார்கள். பழுப்பு நிறத்தில், கையால் செய்த கெட்டிக் காகிதம். தெலுங்கிலும் இங்கிலீஷிலும் ஜப்பான் மொழியிலும் அச்சடித்திருந்தது. கூடவே அவளுடைய படம். மஞ்சள் பட்டுப் புடவை, நெற்றியில் சந்தனக் கீற்று, இரண்டு கைகளிலும் ஏந்திய ஒரு கறுப்புக் கிண்ணம். மூன்று தலைமுறையாகக் கோயில் மடைப்பள்ளியில் சமைத்த குடும்பம் என்றும், அந்தக் கைப்பக்குவத்தில்தான் ஜப்பான் துறவிகளின் உணவு இங்கே மறுபிறவி எடுத்திருக்கிறது என்றும் அட்டை சொன்னது.

அவள் பிறந்ததோ சூளூர்பேட்டைக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில். அப்பா எத்திராஜ் ஏரியில் வலை போடுகிறவர். அம்மா கருவாடு போட்டு சந்தையில் விற்றாள். அம்மா காமாலையில் போன பிறகு அந்த வேலை பிரமிளாவிடம் வந்தது. மீனைக் கீறிக் குடலை எடுத்து, உப்பில் அடுக்கி, மேலே கல்லை ஏற்றி, நீர் வடிந்ததும் வெயிலில் பரப்ப வேண்டும். மேகம் கறுத்தால் போட்டது போட்டபடி ஓடிப்போய் வார வேண்டும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அவள் அதற்காக அழுததில்லை. கையை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக்கொண்டு போவாள், அவ்வளவுதான்.

பத்தாவது முடித்தாள். தடாவில் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. ஒரு பையோடு திரும்பி வந்தவளை எத்திராஜ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “வந்துட்டியா, கை கால் கழுவிட்டுத் துன்னு” என்றார்.

ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஜப்பான் கம்பெனிகளின் எஞ்சினியர்கள் தங்குவதற்கென்று ஒரு விடுதி இருந்தது. அங்கே பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். சமையல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு நாளில் அவளைக் கூப்பிட்டு அடுப்பில் நிறுத்தினார்கள். அவர்களுடைய அரிசியை எப்படிக் களைவது, சோயா விழுதைக் கொதிக்கிற நீரில் போடாமல் இறக்கிய பிறகு ஏன் கரைக்க வேண்டும் என்பதையெல்லாம் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டாள். சாப்பிட வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து மீதியைத் தெரிந்துகொண்டாள். அவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுத் தலை குனிந்து வணங்கிப் போவார்கள். ஒரு வருஷத்துக்குள் கிண்ணங்கள் காலியாகத் திரும்பி வர ஆரம்பித்தன. அவளுக்கு அது பிடித்திருந்தது. யாரும் கத்தாத ஒரு சமையலறை என்பதே அவளுக்குப் புதிது.

அங்கேதான் கோகுலகிருஷ்ணன் வந்தார். சென்னைக்காரர், ஜப்பானில் ஒரு மடத்தில் தங்கி அவர்கள் சமையலைப் படித்துவிட்டு வந்தவர். திருப்பதி ஹோட்டலில் அவர் தொடங்கப்போகும் உணவகத்துக்கு ஸ்ரீசிட்டி ஜப்பானியர்கள் வருவார்களா என்று விசாரிக்க வந்தவர், பிரமிளா செய்த எள் தோஃபுவைச் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்து அவளைத் தேடினார். எள்ளை அரைத்துப் பால் எடுத்து, கிழங்கு மாவு சேர்த்து, விடாமல் கிளறிக் கட்டியாக்குவது அது. கை ஓய்ந்தால் திரிந்துவிடும்.

“என்னோட வந்துடுங்க பிரமிளா. ஜப்பான்ல புத்த மடத்துத் துறவிங்க சாப்பிடுற சாப்பாடு. மீன் கிடையாது, முட்டை கிடையாது, பால், தயிர் கிடையாது. வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. திருப்பதிக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி இல்ல?”

அவள் போனாள்.

ஹோட்டலில் அந்த உணவகத்துக்கு மட்டும் தனிச் சமையலறை. மரத் தட்டுகள், அரக்குப் பூசிய கிண்ணங்கள், வாசலில் விருந்தாளிகள் கை நனைக்க ஒரு கல் தொட்டி. உணவு ஒவ்வொரு கிண்ணமாக, நேரம் விட்டு விட்டு வரும். காய்ந்த கடல்பாசியையும் காளானையும் ஊறவைத்து எடுத்த தெளிந்த ரசம். சர்க்கரை போடாமலே தித்திக்கும்படி மெல்லிய தீயில் வெந்த பூசணிக்காய். மாவில் தோய்த்துப் பொரித்த சேப்பங்கிழங்கு இலை. கடைசியில் ஒரு பிடி சோறும் உப்பில் போட்ட ஊறுகாயும்.

அந்த ஊறுகாயில்தான் கோகுலகிருஷ்ணனுக்குச் சிக்கல். ஜப்பானில் ஒரு புளிப்புப் பழத்தை உப்பில் அழுத்தி வெயிலில் காயவைத்துச் சோற்றோடு வைப்பார்கள். அது இங்கே சரியாக வந்து சேரவில்லை. பிரமிளா பங்காருபாளையத்திலிருந்து தோத்தாபுரி மாம்பிஞ்சு வரவழைக்கச் சொன்னாள். உப்பில் அடுக்கிக் கல்லை ஏற்றினாள். வடிந்த நீரைத் தனியே எடுத்து வைத்து, பிஞ்சுகளை மாடியில் வெயிலில் பரப்பி, மறுபடி அந்த நீரிலேயே நனைத்துக் காயவைத்தாள். ஜாடியைத் திறந்து ஒன்றைக் கடித்த கோகுலகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

“இந்தப் பக்குவத்தை எங்க புடிச்சீங்க?”

“கருவாடு இப்பிடித்தான் செஃப் போடுவோம்.”

அவர் சிரித்துவிட்டார். “நல்லவேளை என்கிட்ட சொன்னீங்க. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

அவளும் சேர்ந்து சிரித்தாள்.

திறப்பு விழாவுக்கு ஸ்ரீசிட்டியிலிருந்து வந்த ஜப்பானியர்கள் கிண்ணங்களைக் காலி செய்தார்கள். ஆனால் அவர்கள் மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள். மலைக்குப் போய்த் தரிசனம் முடித்து இறங்கும் பணக்காரக் குடும்பங்கள்தான் தினசரி நாற்காலியை நிரப்ப வேண்டும். அவர்களோ ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “என்னய்யா இது, வெந்நீர்!” என்று ஒரு பெரியவர் சத்தமாகவே சொன்னார். கடைசிக் கிண்ணம் முடிந்ததும் தயிர்சாதம் இருக்கிறதா என்று கேட்டவர்கள் உண்டு. ஆறு மாதம் இப்படிப் போனது. மூடிவிடப் போகிறார்கள் என்ற பேச்சு சமையலறைவரை வந்தது.

அப்போதுதான் ரேஷ்மா வந்தாள். ஹோட்டலின் விளம்பரமெல்லாம் அவள் பொறுப்பு. சித்தூர்க்காரி. தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவாள். பிரமிளாவை உட்காரவைத்துக் காபி வரவழைத்தாள்.

“சாப்பாட்ட மட்டும் வச்சா எவரும் சாப்பிட மாட்டாங்க பிரமிளா காரு. அதுக்கு ஒரு கதை வேணும். செப்பண்டி, உங்க ஊரு எது?”

பிரமிளா உள்ளதைச் சொன்னாள். ஏரி, அப்பா, வலை, கருவாடு. ரேஷ்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

“அது வேணாம். இந்தப் பக்கம் கோயில் ஊர்ல யாராச்சும் சொந்தம் இருக்காங்களா?”

“சித்திய நாகலாபுரம் பக்கத்துலதான் குடுத்துக் கீது.”

“நாகலாபுரமா? வேதநாராயண சுவாமி கோயில்! சால பாகுந்தி, ரொம்ப நல்லாருக்கு.” ரேஷ்மா மறுபடி எழுதத் தொடங்கினாள்.

அட்டையின் வாசகத்தைக் கோகுலகிருஷ்ணன்தான் படித்துக் காட்டினார்.

“செஃப், எங்க வூட்டுல யாரும் கோயில்ல சமைச்சதே இல்லியே.”

“எனக்குத் தெரியும். ஒரு நாலு வரிதான் பிரமிளா. இத எவன் வந்து விசாரிக்கப் போறான்? இது இல்லன்னா அடுத்த மாசம் இங்க பூட்டுதான். நீங்க மறுபடி விடுதிக்குப் பாத்திரம் கழுவப் போவீங்க. நான் எங்கயாவது சைனீஸ் நூடுல்ஸ் கிண்டப் போவேன்.”

அவள் ஒப்புக்கொண்டாள். பயந்து ஒப்புக்கொண்டாள் என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. புடவையை உடுத்தி, சந்தனம் இட்டு, படம் எடுக்கிறவன் விளக்கைத் திருப்பியபோது, எதிரே கண்ணாடியில் தெரிந்த பெண்ணை அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து எவளும் மூக்கைப் பொத்த மாட்டாள்.

கதை பிடித்துக்கொண்டது. அதே ரசத்தை, அதே கிண்ணத்தில், இப்போது கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். வெந்நீர் என்று யாரும் சொல்லவில்லை. “கோயில் தீர்த்தம் மாதிரி இருக்கு” என்றார்கள். ஹைதராபாத், பெங்களூரிலிருந்து முன்பதிவு செய்துகொண்டு வந்தார்கள். பிரமிளா சமையலை முடித்துவிட்டுப் புடவை மாற்றிக்கொண்டு மேசை மேசையாகப் போய்க் கைகூப்ப வேண்டும். சிலர் அவள் காலைத் தொட்டார்கள். முதல் தடவை பதறிப் பின்வாங்கினாள். பிறகு பழகிவிட்டது. ஹைதராபாத்தில் பெரிய நகைக்கடைக்காரர் மனைவி ஒருத்தி மாதம் தவறாமல் மலைக்கு வருகிறவள். மகளுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டும் என்று பிரமிளாவின் கையால் மாங்காய் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டாள். அந்தப் பெண்ணுக்கு வரன் அமைந்தது. பிறகு கேட்க வேண்டுமா? அந்த அம்மாள் தன் சொந்தபந்தத்தையெல்லாம் அழைத்து வந்தாள்.

பிரமிளா ஊருக்குப் போவது குறைந்தது. போனாலும் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவாள். எத்திராஜ் அவள் வருகிறாள் என்று நல்ல இறாலாக எடுத்துத் தொக்கு செய்து வைத்திருப்பார்.

“ஒரு வாய் துன்னும்மா.”

“வேணா நைனா. நாளைக்கு வேலைக்குப் போவணும். வாசன வரும்.”

“பல்லு வெளக்கிக்கினு போயேன்.”

“வேணாங்கிறேன்ல.”

வெறும் ரசஞ்சோறு தின்றுவிட்டு எழுந்துகொள்வாள். தொக்குச் சட்டியை அவர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவார். அட்டையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜப்பான்காரன் சாப்பாடு, பெரிய ஹோட்டல், தனியாக ஒரு உதவியாள் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதையே அவர் ஏரிக்கரையில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்திருந்தார்.

புரட்டாசியில் குப்பத்துக்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். எத்திராஜும் போனார். மொட்டை போட்டு, தலையில் சந்தனம் அப்பி, லட்டு வாங்கிக்கொண்டு இறங்கியவர், வேன் கிளம்ப நேரம் இருந்ததால் மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஆட்டோ ஏறினார். ஹோட்டல் வாசலில் காவல்காரன் நிறுத்தினான். பிரமிளாவைப் பார்க்க வேண்டும், அவள் ஊரிலிருந்து வருகிறேன் என்றார். பிரமிளா அம்மாவின் பெயரைச் சொன்னதும் அவன் மரியாதையாகவே உள்ளே கூட்டிவந்து, உணவகத்து வாசலில் கல் தொட்டிக்குப் பக்கத்தில் விட்டான்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். நகைக்கடை அம்மாள் புதுச் சம்பந்தி வீட்டாரோடு வந்திருந்தாள். ஆறேழு பேர் பிரமிளாவைச் சுற்றி நின்றிருந்தார்கள். ரேஷ்மா ஓரமாக நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பிரமிளாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இந்தக் கை பெருமாளுக்குச் சமைத்த கை என்று சம்பந்தி அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பிரமிளா தலையைத் திருப்பினாள்.

அப்பா நின்றிருந்தார். வெயிலில் கறுத்த உடம்பில் மொட்டைத் தலை மட்டும் மஞ்சளாக. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பாலிதீன் பையில் லட்டு. அவருடைய வாய் அவள் பெயரைச் சொல்லத் திறந்திருந்தது.

“இவரு எவரம்மா? உங்கவாளா?” என்று தெலுங்கு கலந்து கேட்டாள் நகைக்கடை அம்மாள்.

ரேஷ்மா போனைத் தாழ்த்தினாள். பிரமிளா ரேஷ்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“எங்க ஊர்க்காரர்” என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர்கள் எல்லோரும் இன்னும் ஏதோ எதிர்பார்க்கிறார்கள் என்று தோன்றியது. “கோயிலுக்குப் பூ கட்டிக் குடுக்கறவர்.”

எத்திராஜின் வாய் மூடிக்கொண்டது. அவர் அந்த அம்மாளைப் பார்த்தார். மகளின் பட்டுப் புடவையைப் பார்த்தார், நெற்றிச் சந்தனத்தைப் பார்த்தார். எதைப் புரிந்துகொண்டார், எவ்வளவு புரிந்துகொண்டார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கைகளைக் கூப்பினார்.

“ஆமாங்கம்மா. தரிசனத்துக்கு வந்தேன். அம்மாவ ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு…”

தன் மகளைத்தான் அம்மா என்றார். லட்டை இரண்டு கைகளாலும் ஏந்தி, குனிந்து, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல நீட்டினார். பிரமிளா வாங்கிக்கொண்டாள். நகைக்கடை அம்மாள் அதில் ஒரு துண்டைக் கிள்ளிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டு, “பாவம், பூக்காரருக்குச் சாப்பாடு ஏதாவது கொடுங்க” என்றாள்.

அவரைப் பணியாளர்கள் சாப்பிடும் அறையில் உட்காரவைத்து ஒரு கிண்ணம் எள் தோஃபு கொடுத்திருக்கிறார்கள். விருந்தாளிகளை அனுப்பிவிட்டுப் பிரமிளா ஓடிப்போய்ப் பார்த்தபோது கிண்ணம் காலியாக இருந்தது. அவர் போயிருந்தார்.

மறுநாள் போன் செய்தாள். “நைனா, நேத்து வந்து…”

“வுடும்மா. பெரிய எடத்துல வேலைன்னா அப்பிடித்தான். அந்த வெள்ளையா குடுத்தாங்களே, நீ செஞ்சதா?”

“ஆமா.”

“நல்லா கீது. உப்புதான் பத்தல.”

அதற்குமேல் அவர் அதைப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஒரு தடவை உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். பொங்கல் வரட்டும் என்று தள்ளிப் போட்டாள்.

பொங்கலுக்கு முன்னால் ஏரிக்குப் பறவை பார்க்கக் கூட்டம் வரும் சமயத்தில், யூடியூப் சேனல் வைத்திருக்கும் ஒருவன் குப்பத்துக்கு வந்தான். ஏரியில் தண்ணீர் வற்றுவதைப் பற்றியும், மீன் குறைந்துபோனதைப் பற்றியும் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் பேட்டி எடுத்தான். எத்திராஜிடமும் கேட்டான். இந்தத் தொழிலில் இனிமேல் என்ன இருக்கிறது, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டான். எத்திராஜ் தன் போனை எடுத்துப் பிரமிளாவின் படத்தைக் காட்டினார். ஹோட்டலின் விளம்பரத்தில் வந்த படம்தான். யாரோ அனுப்பியிருந்தார்கள்.

“எம் பொண்ணு. திருப்பதில கீது, ஜப்பான் ஓட்டல்ல. மந்திரிங்கல்லாம் வந்து துன்னுட்டுப் போறாங்க. சின்ன வயசுலயே கருவாடு போட்டுக்கினு இருந்த கை சார் அது. எங்க வூட்டுக்காரி சொல்லிக் குடுத்த உப்பு. அந்தக் கைதான் இன்னிக்கு ஜப்பான்காரனுக்குச் சமைக்குது.”

ஏரியைப் பற்றிய பேட்டியை ஊரில் நூறு பேர் பார்த்திருப்பார்கள். இந்தத் துண்டை மட்டும் யாரோ வெட்டி, பக்கத்தில் அந்தப் பழுப்பு அட்டையின் படத்தையும் சேர்த்துப் போட்டார்கள். இரண்டே நாளில் அது ஹைதராபாத் போய்ச் சேர்ந்தது.

கீழே எழுதியிருந்தவற்றைப் பிரமிளா படித்தாள். பொய் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களெல்லாம் எழுதியது வேறு. மீன்காரி கையால் தின்றோமே என்று எழுதியிருந்தார்கள். திருமலை அடிவாரத்தில் இப்படி நடக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். மகளின் கல்யாணம் நல்லபடியாக நடந்து முடிவதற்குள் இது என்ன சகுனம் என்று ஒருத்தி அழுதிருந்தாள். அது யாரென்று பிரமிளாவுக்குப் பெயரைப் பார்க்காமலே தெரிந்தது.

கூப்பிட்டு அனுப்பினார்கள். மேலாளர் அறையில் ரேஷ்மாவும் கோகுலகிருஷ்ணனும் இருந்தார்கள்.

“உங்க குடும்பத்தைப் பத்தி எங்ககிட்ட மறைச்சுட்டீங்க” என்று தொடங்கினாள் ரேஷ்மா. இந்தத் தடவை மரியாதைக்குச் சேர்க்கும் ‘காரு’ இல்லை.

“நான் மறைக்கல மேடம். முதல்ல உங்ககிட்டதான் சொன்னேன். காபி குடிச்சிக்கினே கேட்டீங்க. ஏரி, வலை, எல்லாம் சொன்னேன்.”

“நாகலாபுரம்னு நீங்க சொல்லலையா?”

“சித்தி வூடுன்னு சொன்னேன்.”

“சொன்னீங்கதானே?”

பிரமிளா கோகுலகிருஷ்ணனைப் பார்த்தாள். “செஃப், உங்களுக்குத் தெரியும்ல?”

அவர் மேசைமேல் இருந்த தன் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். மறுபடி நிமிர்த்தி வைத்தார். “இப்ப அதைப் பேசி என்ன பிரமிளா” என்றார், மிகவும் மெதுவாக.

பணியாளர் ஒருவர் தம் பின்னணியைப் பற்றித் தவறான தகவல் தந்ததாகவும், அவர் நீக்கப்பட்டதாகவும், விருந்தினர்களின் மனம் புண்பட்டதற்கு வருந்துவதாகவும் ஹோட்டல் அறிக்கை விட்டது.

மறுநாள் காலை சீருடையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். சமையலறையில் தீட்டுக் கழிக்கப் புண்ணியாகவாசனம் நடந்துகொண்டிருந்தது. அடுப்புகளை அணைத்து, நடுவில் கலசம் வைத்து, புரோகிதர் மாவிலையால் சுவரெல்லாம் மஞ்சள் நீர் தெளித்துக்கொண்டிருந்தார். கோகுலகிருஷ்ணன் வேட்டி கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவள் புழங்கிய அரக்குக் கிண்ணங்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வெளியே வைத்திருந்தார்கள். அவள் தொட்ட கத்தி, பலகை, அரைக்கும் சட்டி எல்லாம் அதில் இருந்தன. மாங்காய் ஜாடிகளை மட்டும் அலமாரியிலிருந்து யாரும் எடுக்கவில்லை. அந்த வருஷத்துக்கு முழுக்க அவள் போட்டுவைத்த மாங்காய் அது. சமையலறை ஆள் ஒருவன் புரோகிதரிடம் ஏதோ கேட்டான். அவர் ஜாடிகளின் மேலும் நாலு சொட்டு தெளித்துவிட்டு நகர்ந்தார்.

வாசலில் நின்ற அவளைக் காவல்காரன் உள்ளே விடவில்லை. சீருடையை அவனே வாங்கிக்கொண்டான்.

சூளூர்பேட்டை பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. அப்பாமேல்தான் கோபம் வந்தது. நாயுடுபேட்டை தாண்டுவதற்குள் அந்தக் கோபம் முற்றி, அவர் வேண்டுமென்றேதான் செய்தார் என்று முடிவே செய்துவிட்டாள். பூக்காரர் என்று சொன்னதற்குப் பழிவாங்கிவிட்டார்.

எத்திராஜ் வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. குப்பத்துப் பிள்ளைகள் காட்டியிருந்தார்கள். அவள் பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

“தெரிஞ்சேதான சொன்ன?”

“எது?”

“அந்த வீடியோல. என் வேல போவணும்னுதான சொன்ன?”

அவர் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். “அவன் எம் பொண்ணப் பத்திக் கேட்டான். சொன்னேன். இன்னா சொல்லிருக்கணும்? எனக்குப் பொண்ணே இல்ல, நான் பூ கட்டிக்கினு கீறேன்னு சொல்லிருக்கணுமா?”

அவர் குரலை உயர்த்தவில்லை. வஞ்சகமாகச் சொன்னாரா, நிஜமாகவே தெரியாமல் கேட்டாரா என்று அந்த முகத்தைப் பார்த்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவள் எழுந்து உட்கார்ந்து ஒரு கவளம் எடுத்தாள். நாலு வருஷம் விட்ட வாய் அதை ஏற்கவில்லை. கொல்லைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். எத்திராஜ் தண்ணீர்ச் சொம்போடு பின்னால் வந்து நின்றார்.

விடுதியில் பழைய வேலைக்குக் கேட்டுப் பார்த்தாள். ஜப்பானியர்களுக்கு ஆட்சேபம் ஒன்றும் இருக்கவில்லை. அங்கே ஒப்பந்தம் எடுத்திருந்த ஆள்தான், நீ வந்தால் வீண் பேச்சு வரும் என்று அனுப்பிவிட்டான். சந்தையில் கருவாடு போடலாம் என்று போனால், அங்கிருந்த பெண்கள் இடம் கொடுத்தார்கள். ஆனால் ஒருத்தி, “வாம்மா அய்யரூட்டுப் பொண்ணே” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவள் போகவில்லை.

கோடையில் கோகுலகிருஷ்ணன் போன் செய்தார். திருப்பதியில் உணவகத்தை மூடிவிட்டார்களாம். அவர் பெங்களூரில் இன்னும் பெரிய ஹோட்டலில் இதே சாப்பாட்டைத் தொடங்குகிறாராம். அந்த மாங்காயைப் பற்றி ஒரு பத்திரிகையில் அவர் பேட்டிகூட வந்துவிட்டது, தன் கண்டுபிடிப்பு என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது, தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது என்றார்.

“நீங்க இல்லாம அது சரியா வரல பிரமிளா. வந்துடுங்க. இங்க யாருக்கும் உங்களைத் தெரியாது. புதுசா ஆரம்பிக்கலாம்.”

“இந்த வாட்டி எங்க நைனா யாரு செஃப்?”

அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். “அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்” என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொன்னதற்காக அவள் பெருமைப்படவில்லை. எள்ளை அரைத்துக் கிளறும்போது ஒரு கணத்தில் கரண்டி கனத்துப் பளபளப்பு வருமே, அதை இனித் தன் வாழ்நாளில் செய்யப் போவதில்லை என்று போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திரும்பக் கூப்பிடலாமா என்று இரண்டு நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். கூப்பிடவில்லை.

இப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் இருக்கிறாள். பெரிய அண்டாவில் சாம்பார், மதியம் முட்டைக்குழம்பு. ருசியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, யாருக்கும் நேரமில்லை. ஷிப்ட் பஸ்ஸில் போய் ஷிப்ட் பஸ்ஸில் வருகிறாள். மீன் இன்னும் இறங்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் தனியாகக் குழம்பு வைத்து, மூக்கைச் சுளிக்காமல் பரிமாறிவிட்டு, தான் மோர் ஊற்றிச் சாப்பிடுகிறாள். எத்திராஜ் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் சேர்ந்து போயிருந்தார்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியவர், தடா பக்கத்துக்காரர், எத்திராஜிடம் பேச்சுக் கொடுத்தார்.

“உம் பொண்ணு இன்னா பண்ணிக்கினு கீது?”

ஒரு காலத்தில் கேட்காமலே சொல்லிக்கொண்டு திரிந்த எத்திராஜ், திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தார். இப்போதெல்லாம் யார் கேட்டாலும் அப்படித்தான் பார்க்கிறார். அவள் என்ன சொல்லப் போகிறாளோ, அதை அப்படியே தானும் சொல்லக் காத்திருப்பவர்போல.